மீன்கொத்தியின் பின்பக்கம்

நான் சிகரெட் அட்டை சேர்க்கிறேன் என்றால் பதுளையில் என் அலுவலகத்தில் சிரிப்பார்கள். அந்தக் காலத்தில் சிகரெட் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்த சின்னப் படங்கள் அவை. கப்பல், கொடி, பறவை என்று வரிசை வரிசையாக வரும். சிகரெட்டை நான் தொட்டதில்லை. ஆனால் ஒரு பறவைப் படத்துக்காக இரண்டு பஸ் மாறிப் போயிருக்கிறேன். பைத்தியம்தான்.

அப்புத்தளைக்குக் கீழே தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் என் அத்தை ஒருநாள் ஒரு கட்டு அட்டைகளை எடுத்துக் கொடுத்தார். மாமாவின் அப்பா தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் சமையல்காரராக இருந்தபோது சேர்ந்தவை. மாமா இறந்த பிறகு தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் அவர்கள் காம்பராவில், சாமிப் படத்துக்குப் பின்னால் கிடந்திருக்கின்றன. "நீதான் ஆசைப்படுறியே தம்பி, கொண்டு போ" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சுத்தம் செய்ய உட்கார்ந்துவிட்டேன். பின்பக்கம் கிறுக்கல் இருந்தால் அட்டை சேர்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். மீன்கொத்திப் படத்தின் பின்னால் பென்சிலால் நாலு வரி இருந்தது. பொடிப்பொடியான, அழகான தமிழ் எழுத்து. நான் அதைப் படிக்கக்கூட இல்லை. நல்ல ரப்பராக வாங்கி வந்து பதமாக அழித்தேன். அட்டையில் ஒரு கீறல் விழவில்லை என்று அன்றைக்கு அவ்வளவு பெருமை எனக்கு.

போன ஆவணியில் அத்தை பதுளைக்கு வந்தார். மகளுக்கு வரன் வந்திருந்தது, மாப்பிள்ளை வீட்டார் ஜாதகம் கேட்டிருந்தார்கள். பிறப்புச் சான்றிதழில் தேதி உண்டு, நேரம் இல்லை.

"புள்ள பொறந்த நேரத்த அந்த அட்டை ஒண்ணுல எழுதி வச்சிருக்கேன்னு ஒம் மாமா சொன்னாரு. எனக்கு வாசிக்கத் தெரியாதே. கொஞ்சம் பாத்துச் சொல்லு தம்பி."

ஆல்பத்தை எடுத்து வந்து, ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிக் காட்டினேன். மீன்கொத்தியையும் காட்டினேன். அழித்தது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஒண்ணும் எழுதலையே அத்தை" என்றேன்.

அத்தை தேநீரைத் தொடவில்லை. "புள்ள பொறந்த அன்னைக்கே எங்கிட்ட பொய் சொல்லியிருக்காரு பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

அந்த வரன் தட்டிப்போனது. இந்த வருடம் மாமாவின் திதிக்குப் போனேன். அடுப்பில் எதுவும் இல்லை. மகள் கேட்டதற்கு, "அந்தப் பொய்யனுக்கு என்ன படையல்" என்றார் அத்தை. நான் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.