தெற்குச் சுவரோரம் ஒரு விளக்கு

பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம், ஆவணியில், கூடத்தில் நிறுத்திவைக்க ஒரு விளக்கு வாங்கினேன். கடையில் அதை ஸ்டாண்டு லைட் என்கிறார்கள். தரையில் கனமான வட்டத் தட்டு, அதிலிருந்து ஐந்தடி உயரத்துக்கு ஒரு கம்பி, உச்சியில் பல்பு, அதைச் சுற்றி ஒரு கூடு. எங்கள் கூடத்தின் டியூப் லைட் நடுவில், உயரத்தில் இருக்கிறது. நாற்காலியை எங்கே போட்டாலும் என் தலையின் நிழல் செய்தித்தாள் மேல் விழும். முப்பத்திரண்டு வருஷம் செய்தி எழுதியும், மேஜை விளக்கின் கீழ் மற்றவர்கள் எழுதியதைத் திருத்தியும் வந்தவனுக்கு அந்த நிழல் பெரிய தொந்தரவாக இருந்தது.

தெற்கு வீதியில் உள்ள கடைக்கு மனைவியையும் அழைத்துப் போனேன். கடைக்காரர் முதலில் காட்டியது, வில்லாக வளைந்து தலைக்கு மேல் தொங்குகிற ரகம்.

"சினிமாக்காரங்க வீட்டுல எல்லாம் இதான் சார் நிக்குது."

"தூண்டில் மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. "இவரு கீழ உக்காந்தா, எப்ப கவ்வுவாருன்னு பார்த்துக்கிட்டே இருக்கணும்."

அடுத்தது மூன்று மரக்கால்களில் நின்றது. போட்டோ ஸ்டூடியோவில் பார்த்திருப்பதாகச் சொல்லி அதையும் தள்ளிவிட்டாள். மூன்றாவது, நேரான கம்பியும் வெளிர் மஞ்சள் துணிக் கூடும் கொண்டது. அதை எரியவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, பெட்டியோடு வந்த உத்தரவாதச் சீட்டின் பொடி எழுத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்தேன். கண் கூசவில்லை. நிழலும் இல்லை.

"துணி வேணாங்க" என்றாள். "ஐப்பசியில வயல்லேருந்து பச்சைப் பூச்சி வந்து அதுல விழுந்து கெடக்கும். யாரு தட்டறது?"

"நான் தட்டறேன்."

"எழுதி வாங்கிக்கங்கம்மா" என்றார் கடைக்காரர்.

அவள் சிரித்தாள். நான் அதைக் கவனித்தேன். அவளுடைய அக்கா இறந்து பத்து மாதம் ஆகியிருந்தது. அந்தப் பத்து மாதத்தில் அவள் வெளியாட்கள் முன்னால் சிரித்து நான் பார்க்கவில்லை.

அக்கா எங்களோடு பதினோரு வருஷம் இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பூதலூர்ப் பக்கத்து அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் வருவார். எங்கள் வீடு தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிற சாலையில் இருக்கிறது, பின்பக்கம் வயல். ஸ்டேஷனிலிருந்து பஸ் பிடித்து அவர் வந்து சேர்ந்த பிறகுதான் மனைவி காபி போடுவாள். போன ஐப்பசியில் ஒருநாள் விடியற்காலை மாரடைப்பு. ஆட்டோ வருவதற்குள், எங்கள் வீட்டிலேயே, முடிந்துவிட்டது.

விளக்கை எங்கே வைப்பது என்பதற்கு நான் அரைநாள் எடுத்துக்கொண்டேன். டேப் வைத்து அளந்தேன். டி.வி. பக்கத்தில் வைத்தால் திரையில் அதன் பிம்பம் விழுந்தது. மனைவி உட்கார்ந்து காய் நறுக்குகிற கிழக்கு ஜன்னலோரம் நல்ல இடம்தான், ஆனால் அங்கே பிளக் இல்லை. தெற்குச் சுவரில் ஏ.சி.க்காகப் போட்டு, ஏ.சி. வாங்காமலே விட்ட ஒரு பெரிய பிளக் இருந்தது. அதிலிருந்து இரண்டடி தள்ளி விளக்கை நிறுத்தி, பக்கத்தில் என் பிரம்பு நாற்காலியைப் போட்டேன். வெளிச்சம் இடது தோளுக்கு மேலாக வந்து விழுந்தது.

மனைவி காபியோடு வந்தவள் கூடத்தின் நடுவில் நின்றுவிட்டாள்.

"அங்கயா?"

"ஏன்?"

"ஒண்ணுமில்ல."

கையை நீட்டி, எட்டி நின்றபடியே டம்ளரைக் கொடுத்தாள். நான் அவளுக்கு விளக்கம் சொன்னேன். வெளிச்சம் ஏன் இடப்பக்கத்திலிருந்து வரவேண்டும், கூடு கண்மட்டத்துக்கு எவ்வளவு மேலே இருக்கவேண்டும் என்றெல்லாம் பேசினேன். ஐந்து நிமிஷமாவது பேசியிருப்பேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, காலி டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள். இதை எழுதும்போது அந்த ஐந்து நிமிஷத்தை நினைத்தால் முகம் சுடுகிறது.

அதற்குப் பிறகு நடந்தவற்றையும் நான் வரிசையாகக் கவனித்தேன். அவள் காய் நறுக்குவது அடுக்களைக்கு மாறியது. சீரியலை உள்ளறையில் போனில் பார்க்கத் தொடங்கினாள். கூடத்தைப் பெருக்கும்போது விளக்கைச் சுற்றி ஒரு பாய் அளவு இடத்தை மட்டும் முதலில், தனியாக, மெதுவாகப் பெருக்கினாள். எதிர்வீட்டு அம்மா மகளின் வளைகாப்புக்கு அழைக்க வந்தவர், நான் விளக்கருகே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். உட்காரச் சொன்னதற்கு, "இருக்கட்டும்ங்க, இன்னும் நாலு வீடு போவணும்" என்று நின்றபடியே குங்குமம் கொடுத்துவிட்டுப் போனார்.

இவ்வளவையும் பார்த்தேன். இடத்தை அவளைக் கேட்காமல் முடிவு செய்ததில் கோபம் என்று அர்த்தம் செய்துகொண்டேன். கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஒரு மாதம் அந்த வெளிச்சத்தில் சௌகரியமாகப் படித்தேன்.

புரட்டாசியில் ஒருநாள் விளக்கு மினுக்க ஆரம்பித்தது. எங்கள் தெரு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டேன். அக்காவிடம் படித்தவர் அவர். சுவர்ப் பக்கம் மண்டியிட்டு பிளக்கைக் கழற்றியவர், உள்ளே பார்த்ததும் உச்சுக்கொட்டினார்.

"நாந்தான் சார் இந்த வயரை இழுத்து முறுக்கிவிட்டது. அன்னிக்கு அவசரம். பெட்டிக்கு கரண்ட் வரல, வெளிய மழை கொட்டுது."

"எந்தப் பெட்டிக்கு?"

"ஐஸ் பெட்டிக்கு சார். டீச்சர வச்சிருந்தமே. பெட்டி இப்படி, இதே எடத்துல." கையால் தரையில் நீளமாக ஒரு கோடு காட்டினார். விளக்கின் வட்டத்தட்டுக்கு வந்ததும் அவருடைய கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க வெளில இருந்தீங்க இல்ல" என்று, எனக்காகவே ஒரு காரணம் கண்டுபிடித்ததுபோலச் சொல்லிவிட்டு, அவசரமாக ஸ்க்ரூ டிரைவரைத் தேடினார்.

எங்கள் பக்கத்தில் இறந்தவரைத் தெற்கே தலைவைத்துக் கிடத்துவார்கள். தலைமாட்டில் விளக்கு ஏற்றுவார்கள். உடலை எடுத்துப் போன பிறகும் அந்த இடத்தில் பதினாறு நாள் விளக்கு எரியும். இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்த நான்தான், என் மனைவியின் அக்காவின் தலைமாட்டில், விளக்கு இருந்த அதே இடத்தில், இன்னொரு விளக்கை நிறுத்திவைத்து அதன் கீழே கால்மேல் கால் போட்டுப் படித்துக்கொண்டிருந்தேன்.

அன்று நான் வெளியில் இருந்தது உண்மை. வாசலில் பந்தல் போட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். திருவாரூர்ப் பக்கம் சம்பா நாற்றெல்லாம் தண்ணீரில் மூழ்கியிருந்தது. நிருபர்கள் மாறி மாறிக் கூப்பிட்டார்கள். பந்தலில் உட்கார்ந்து செய்தியை முடித்துக் கொடுத்தேன். அக்காவின் மறைவுச் செய்தியையும் நானே எழுதினேன். வயது, பள்ளி, பணிக்காலம் எதிலும் பிழை இல்லை. பிறகு வந்த பதினாறு நாளும் வெள்ளம் பார்க்க விடியற்காலையில் போய், வீடு அடங்கிய பிறகுதான் வந்தேன். கூடத்தைத் தாண்டாமல் உள்ளறைக்குப் போக எங்கள் வீட்டில் வேறு வழி கிடையாது. தரையில் எரிந்த அந்த விளக்கைப் பதினாறு முறையாவது தாண்டியிருப்பேன். அதை நினைவுக்குக் கொண்டுவர எவ்வளவு முயன்றாலும் இன்றுவரை வரவில்லை.

எலக்ட்ரீசியன் போன பிறகு அடுக்களைக்குப் போனேன். மனைவி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பேசியது காதில் விழுந்திருக்கும்.

"முதல் நாளே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்களா நெனச்சுக்குவீங்கன்னு பார்த்தேன்." கை நிற்கவில்லை. "மறுநாளும் பார்த்தேன். அப்புறம் ஒரு வாரம் ஆயிடுச்சு. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

"எனக்கு உண்மையிலேயே..."

"தெரியும். நீங்க உள்ள வந்தீங்க, மாலையைப் பெட்டிக் கண்ணாடி மேல வச்சீங்க. அப்பயே போன் அடிச்சுது. காதுல வச்சுக்கிட்டே போயிட்டீங்க. நான் அவ தலைமாட்டுலதான் உக்காந்திருந்தேன். என்னையும்தான் நீங்க பாக்கல."

பல பேருடைய துக்க வீட்டுக்குள் போய், யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று எழுதியிருக்கிறேன்.

அன்றே விளக்கை எடுத்தேன். கிழக்கு ஜன்னலோரம் வரை ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி இழுக்க வேண்டியிருந்தது. வயர் குறுக்கே கிடக்கிறது, பார்க்க நன்றாக இல்லை. மனைவி வந்து தட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். வைத்த பிறகு தெற்குச் சுவரோரம் ஈரத்துணியால் துடைத்தாள். இரண்டு நாள் கழித்துக் காய்த்தட்டோடு கூடத்துக்கு வந்தாள்.

ஐப்பசியில் அக்காவின் வருஷத் திதி வந்தது. மனைவியின் தம்பி திருவையாறு படித்துறையில் காரியத்தை முடித்துவிட்டு, தன் மனைவியோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். எதிர்வீட்டு அம்மா ஒத்தாசைக்கு வந்திருந்தார். கூடத்தில் இலை போட்டிருந்தது. வடையோடு வந்தவர், ஜன்னலோரத்து விளக்கைப் பார்த்து நிம்மதியாகச் சொல்லிவிட்டார்:

"நல்லதுங்க, எடத்த மாத்திட்டீங்களா!"

"எங்க இருந்துச்சு?" என்றாள் தம்பி மனைவி.

எதிர்வீட்டு அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. வடைத் தட்டோடு அப்படியே நின்றார். நான் இலையைப் பார்த்தேன். சொல்ல வேண்டியவன் நான். மூன்றே வார்த்தைதான்: எனக்கு இடம் நினைவில்லை.

"அக்கா இருந்த எடத்துல" என்றாள் என் மனைவி. ரசம் விட்டுக்கொண்டே, குரல் மாறாமல் சொன்னாள். "தலைமாட்டுல. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் வச்சோம். அவ எடம் இருட்டா இருக்க வேணாம்னு. இன்னியோட வருஷம் முடியுதுல்ல, அதான் எடுத்துட்டோம்."

தம்பி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவனுக்கு அக்காதான் கல்லூரிப் பணம் கட்டிப் படிக்கவைத்தவர். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவன் என் இடது கையைப் பிடித்தான்.

"அத்தான், கூடப் பொறந்தவன் நான். எனக்கே தோணல. நீங்க நெனச்சீங்களே."

கையை நான் இழுத்துக்கொள்ளவில்லை. ஏதாவது சொல்வேன் என்று அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் தலையை ஆட்டினேன். மனைவி அடுத்த இலைக்கு ரசம் விடப் போய்விட்டாள். என் பக்கம் திரும்பவில்லை. அவன் என் கையை விடும்வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.