இரண்டு பலகைக்கு நடுவில் ஷூலான்

எங்கள் மாவட்ட அலுவலக வாசலில் இரண்டு பலகைகள். சிவப்பெழுத்துப் பலகை கட்சிக் குழுவுக்கு, கறுப்பெழுத்துப் பலகை அரசாங்கத்துக்கு. உள்ளே இரண்டுக்கும் டைப் அடித்தவள் நான் ஒருத்திதான்.

பேருந்து நிலையத்தருகே நூடுல்ஸ் கடை வைத்திருந்த பி ஷூலான் அந்தப் பலகைகளை ஏறெடுத்தும் பார்த்ததில்லை, சாலையை அகலப்படுத்த அவள் கடையை இடிக்கும் ஆணை வரும்வரை. கணவன் செத்தபின் அவளை நிமிர்த்தி வைத்திருந்தது அந்தக் கடைதான். இடிக்கச் சொன்னவர் கட்சிச் செயலாளர் டோங். முன்னறிவிப்பில்லாமல் இடிப்பது சட்டப்படி தப்பு என்று கூட்டத்தில் முனகியவர் மாவட்ட அரசாங்கத் தலைவர் ஜிங். ஆனால் ஆணையில் விழுந்தது ஜிங் அலுவலக முத்திரை. எங்கள் ஊர் வழக்கம் அது: முடிவு சிவப்பில் பிறக்கும், முத்திரை கறுப்பில் விழும்.

ஷூலான் நீதிமன்றம் போனாள். கட்சிமேல் வழக்குப் போட முடியாது என்றார்கள். ஆக, இடிக்க வேண்டாம் என்ற ஜிங்கே எதிர்வாதி ஆனார். நீதிபதி ஆறு வாரம் வயிற்றுவலி என்று வீட்டில் படுத்திருந்தார். பிறகு என்ன தோன்றியதோ, ஆணை செல்லாது என்று எழுதிவிட்டார். தோற்றுப்போய் அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை. ஜிங் எல்லோருக்கும் ஆரஞ்சுப் பழம் கொடுத்தார்.

டோங் தீர்ப்பை நிதானமாகப் படித்தார்.

"அரசாங்கம் இடிக்கக் கூடாதுன்னுதானே போட்டிருக்கு? அரசாங்கத்தை யாரு இடிக்கச் சொன்னா?"

மறுநாளே 'சாலைப்பணித் தலைமையகம்' என்று ஒன்று முளைத்தது. தலைவர் அவரே. அதற்கு முத்திரை இல்லை, பலகை இல்லை, வழக்குப் போட ஒரு முகவரியும் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை இயந்திரம் வந்தது. ஷூலான் தீர்ப்பைக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தாள். ஓட்டுநர் இறங்கி அதை முழுக்கப் படித்தான், கிழியாமல் உரித்து அவள் கையில் கொடுத்தான், பிறகு இடித்தான். நீதிபதியை நாற்காலியிலிருந்து எழுப்பி, புத்தி வரட்டுமென்று கட்சிப் பள்ளிக்குப் படிக்க அனுப்பினார்கள்.

இப்போது அவள் தள்ளுவண்டி எங்கள் வாசலில் நிற்கிறது. கறுப்புப் பலகையடியில் விரட்டினால் சிவப்புப் பக்கம் தள்ளிக்கொள்வாள். அங்கே விரட்டினால் இங்கே. இரண்டு பக்கமும் விரட்டுவது ஒரே காவலாளிதான். அவருக்கும் மதியச் சாப்பாடு அவள் வண்டியில்தான்.

நானும் சாப்பிடுவேன். போன வாரம் அந்தப் பழைய ஆணையை எடுத்துக் காட்டினாள்.

"எவ்வளவு சுத்தமா அடிச்சிருக்காங்க பாருங்கக்கா. ஒரு தப்பு இல்ல. யாரோ வேலை தெரிஞ்சவங்க."

ஆமாம் என்றேன். இன்னொரு கரண்டி மிளகாய் எண்ணெய் ஊற்றச் சொன்னேன். கண் கலங்கியதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.