எல்லைக்கல்லைப் படித்தவர்

கலியபெருமாள் காலமான செய்தி அவருடைய பழைய மேசைக்கே வந்து சேர்ந்தது. பாகூர்ப் பக்கத்துக் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் பிறப்பும் இறப்பும் பதிவாகும் மேசை அது. அவர் ஓய்வு பெற்ற பின் அங்கே உட்கார்ந்திருப்பவன் நான். அவருடைய மகன் வந்து நின்றபோது எதற்காக என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

நாங்கள் இருவரும் ஒரே ஊர். பாகூர்க் கோயிலில் கல்வெட்டுகளைப் படியெடுக்க வந்தவர்களுக்கு வழிகாட்டப் போனவர், பழைய எழுத்தைப் பழகிக்கொண்டு திரும்பினார். அதனால் யாருக்கும் கெடுதல் வரும் என்று அப்போது தோன்றவில்லை.

எழுபதுகளில் எங்கள் ஊருக்குப் பழம்பெருமை தேவைப்பட்டது. ஏரிக்கு அக்கரையில் உள்ள ஊரைவிட நாம்தான் பழையவர்கள் என்று நிரூபிக்க வேண்டும். சுடுகாட்டு வாசலில் அரிச்சந்திரன் என்று நாங்கள் கும்பிடும் கல்லில் ஏதோ எழுத்து இருந்தது. பாடையை அதன் முன் இறக்கி, தோள் மாற்றித் தூக்குவது வழக்கம். ஊர்ப் பெரியவர் அவரை அழைத்து, "நம்மூரு ராஜா காலத்து ஊருன்னு படிச்சிச் சொல்லுப்பா" என்றார்.

கலியபெருமாள் சீயக்காய் போட்டு எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்து எடுத்தார். அது சோழர் காலத்து எல்லைக்கல். அதற்கு மேற்கே உள்ள நிலமெல்லாம் அக்கரை ஊருக்கு விடப்பட்டதாகச் சொன்னது. சுடுகாடு கல்லுக்கு மேற்கேதான் இருக்கிறது. எங்கள் ஊரின் பெயர் அதில் எங்குமே இல்லை.

எழுத்து தேய்ந்துவிட்டதாகச் சொல்லிவிடுங்கள் என்றேன்.

"தேயலியே தம்பி" என்றார்.

கோயில் வாசலில் கூடிய ஊரிடம் படித்ததை அப்படியே சொன்னார்.

"அப்ப எங்கப்பன், பாட்டன்லாம் அடுத்த ஊருலயா வெந்தாங்க?" என்றார் பெரியவர்.

"ஆமா மாமா."

"நீ செத்தா எங்க கொண்டு போறாங்கன்னு பாக்கறேன்டா."

அதன்பின் கல்யாணங்களுக்கு அவரை அழைப்பதை ஊர் நிறுத்திக்கொண்டது. பிறப்புக்கும் இறப்புக்கும் அவரிடம் வராமல் முடியாது என்பதால் அலுவலகத்தில் மட்டும் வணக்கம் தொடர்ந்தது. அவர் எல்லோருக்கும் ஒரே மாதிரி பதில் வணக்கம் சொன்னார். அக்கரைக்காரர்கள் கொஞ்ச நாள் பெருமைப்பட்டார்கள். சுடுகாட்டுப் பாதையை இனி அவர்கள்தான் செப்பனிட வேண்டும் என்று நாங்கள் மனுக் கொடுத்ததும், அவர்களுக்கும் வரலாற்றில் ஆர்வம் குறைந்தது.

அவரை எடுத்துச் சென்ற அன்று ஊரே வந்தது. பெரியவரும் தடியூன்றி வந்தார். கல்லின் முன் பாடையை இறக்கியபோது, மறுபக்கம் அக்கரைக்காரர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள்.

"எங்க எல்லைக்கு வந்துட்டாரு. இனிமே நாங்க தூக்குறோம்" என்றார் ஒருவர்.

எல்லோரும் பெரியவரைப் பார்த்தோம். அவர் கல்லைப் பார்த்தார்.

"தூக்குங்கப்பா. அவன் சொன்ன எல்லதான" என்றார்.

எங்கள் தோள் விலகியது, அவர்கள் தோள் கொடுத்தார்கள். பாடை கல்லைக் கடந்து மேற்கே போனது.

சென்று வாருங்கள், கலியபெருமாள். எழுத்து தேயவில்லை.