ரோசா கேட்ட பழப்புறா

போன வாரம் எடிசன் ஓக் ட்ரீ ரோடு கடையில் ஒரு பப்பாளியை முகர்ந்தபடி வெகுநேரம் நின்றேன். கல்லாவில் இருந்த பெண் முறைத்தாள். காம்பு வாசனையை வைத்தே பழத்தின் பக்குவத்தைச் சொல்லிவிடுவேன். அது சமையலறையில் கற்றதல்ல, பறவைக் கூண்டில் கற்றது.

எண்பதுகளில், அமெரிக்காவில் இந்தப் பிஸ்கட்டவே ஊருக்கு வந்த புதிதில், ஒரு சின்ன உயிரியல் பூங்காவில் பறவைகளுக்குப் பழம் நறுக்கும் வேலை கிடைத்தது. "இதுக்கா எம்.எஸ்ஸி. ஜுவாலஜி படிச்ச?" என்று சிரித்தார் என் கணவர். இதற்குத்தான் என்று சொல்ல அப்போது துணிவில்லை.

அங்கே பழப்புறா ஜோடி ஒன்று இருந்தது. பசிபிக் தீவுக் காடுகளில் பழம் தின்றே வாழும் இனம். இலைப்பச்சை உடம்பு, யாரோ குங்குமத்தைத் தேய்த்துவிட்டதுபோல் சிவந்த நெற்றி. ஒரு குளிர்காலத்தில் பெட்டை செத்துப்போனது. ஆண் புறா எதையும் தொடவில்லை. பப்பாளியும் அத்தியும் வைத்தபடியே கிடந்தன. மூன்றாம் நாள் தூக்கியபோது அதன் மார்பெலும்பு என் கையில் குத்தியது.

அன்றுதான் ரோசா வந்தாள். பசிபிக்கின் குவாம் தீவுக்காரி, பக்கத்து ஊரில் நர்ஸ். கூண்டின் கண்ணாடிக்கு முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். அவள் பேசியது ஆங்கிலம்தான். என் நினைவில் மட்டும் தமிழில் பேசுகிறாள்.

"அம்மாவ அடக்கம் பண்ண ஊருக்குப் போனேன். காட்டுல ஒரு பறவை சத்தம் இல்ல. கப்பல்ல வந்த பாம்பு எல்லாத்தையும் தின்னுடுச்சு."

"இதுவும் தப்பிக்காது," என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

"என்னை உள்ள விடு," என்றாள்.

விதிப்படி விடக்கூடாது. விட்டேன்.

சிறுவயதில் தன் தீவுக் காட்டில் கேட்ட இந்தப் புறாவின் குரலில் ரோசா கூவினாள். ஆழமாகத் தொடங்கி, அடுக்கடுக்காக வேகமெடுக்கும் கூவல். புறா தலையைத் திருப்பியது, அவ்வளவுதான். மறுநாளும் டியூட்டி முடிந்து வந்தாள், அதற்கடுத்த நாளும். ஐந்தாம் நாள் அது பதில் கூவியது. பிறகு கிளையிலிருந்து இறங்கி ஒரு துண்டு பப்பாளியை விழுங்கியது.

அதன் பிறகு இரண்டு வருடம் இருந்தது. ஒரு காலை தரையில் கிடந்தது. ரோசாவுக்கு போன் செய்தேன்.

"அதோட குரல டேப் பண்ணி வச்சிருக்கீங்களா?"

அதன் எடை, தீனி, எச்சம் எல்லாம் தினமும் எழுதிவைத்தோம். குரலைப் பதிவு செய்ய ஒருவருக்கும் தோன்றவில்லை.

இன்று அந்தப் பறவைக் கூடமே இல்லை, கார் நிறுத்துகிறார்கள். ரோசா டெக்சாஸுக்குப் போனாள், தொடர்பு விட்டுப்போயிற்று. இதை உங்களுக்கு எழுதும்முன் அந்தக் கூவலை ஒருமுறை கூவிப் பார்த்தேன். என் தொண்டையிலிருந்து வந்தது நம்மூர் மாடப்புறாவின் சத்தம்.