அட்டைக்குப் பின்னால் உருண்ட பகடை

லிஃப்ட் மெக்கானிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். பாரம் ஏற்றிப் பார்க்காமல் எந்த லிஃப்டுக்கும் அவள் கையெழுத்துப் போட்டதில்லை. ஆயிரம் கிலோ என்று எழுதியிருந்தால் ஆயிரத்தையும் ஏற்றி, மேலும் கீழும் ஓட்டிப் பார்த்த பிறகுதான் பேனாவைத் திறப்பாள். மேனேஜரே வந்து கெஞ்சினாலும் அதே கதைதான்.

ஞாயிறு மத்தியானம் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆட்டம் நடக்கும். அண்ணன் கதை சொல்லி அரக்கர்களை ஏவுவான். அவளும் அண்ணியும் ஆளுக்கொரு வீராங்கனையைத் தாளில் எழுதி வைத்து, இருபது முகப் பகடையை உருட்டிச் சண்டை போடுவார்கள். அரக்கர்களின் பகடையை மட்டும் அண்ணன் ஓர் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உருட்டுவான்.

அவளுடைய ஆள் கோடாரிக்காரி. மூன்று வருடத்துக்கு முன் லிஃப்ட் குழிக்குள் விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்தபோது அவள் எழுதி உருவாக்கிய ஆள். வேலைக்குத் திரும்பியபோது கால் வெடவெடவென்று நடுங்கியது. "கோடாரிக்காரி பாக்காததா?" என்று சொல்லிக்கொண்டுதான் ஏணியில் கால் வைத்தாள். இன்றுவரை அப்படித்தான்.

அந்த ஞாயிறு, அண்ணனுக்குப் பின்னால் இருந்த அலமாரிக் கண்ணாடியை அண்ணி பளபளவென்று துடைத்திருந்தாள். பகடை அதில் தெரிந்தது. இருபது. அரக்கனுக்கு இருபது விழுந்தால் கோடாரிக்காரி காலி.

"நாலு. தப்பிச்சிட்ட!" என்றான் அண்ணன், வாய் கூசாமல்.

"எத்தனை நாளா இது? கண்ணாடியில தெரியுது அண்ணா."

அண்ணன் அசடு வழிந்தான். "நீ அப்ப இருந்த இருப்புல எப்படிக் கொல்றது? ஆட்டம்னா சந்தோஷமா இருக்கணும்ல?"

"அப்போ குகையில தப்பிச்சது? பாலத்துல? அந்தப் பாம்புகிட்ட?"

"பாம்பு மட்டும் நெஜம்னு நெனக்கிறேன்" என்றான் பாவி.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "கஷ்டமா இருக்கும்னுதான நான் விளையாட வந்தேன்! பாரம் ஏத்திப் பாக்காமலே மூணு வருஷமா எனக்குக் கையெழுத்துப் போட்டிருக்க. அதை நம்பி ஏணி ஏறியிருக்கேன்டா! பரிதாபப்படச் சொல்லி உன்னைக் கேட்டனா?"

"நல்லதுக்குத்தானம்மா..." என்று இழுத்தாள் அண்ணி.

"நல்லதாம், மண்ணாங்கட்டி!"

அட்டையைப் பிடுங்கி வீசினாள். இருபது இன்னும் இருபதாகவே கிடந்தது. பேனாவைத் திறந்து, கோடாரிக்காரியின் தாளில் 'செத்தாள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை காலை, ஏணியடியில் கால் வழக்கம்போல நடுங்கியது. சொல்லிக்கொள்ளக் கோடாரிக்காரியும் இல்லை. அண்ணனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஏறினாள். மேலே போய்ச் சேர்ந்த பிறகும் திட்டு தீரவில்லை.