மஞ்சள் தண்ணீரில் கழுவிய வேப்பிலை

1. கோலசிலாங்கூர் வட்டாரத்தில் எங்கள் ஊரான அசாம் ஜாவாவில் அம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் தங்கள் வீட்டு மரங்களில் பறித்த வேப்பிலை, ரவாங்கில் நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு வந்தது.

2. அதைக் காயவைத்து, எத்தனாலும் தண்ணீரும் கலந்து ஊறவைத்து, முகக் கிரீமுக்கான சாறு எடுத்தேன். பெட்ரோலியக் கரைப்பான் ஒரு சொட்டும் சேர்க்கவில்லை.

3. கரும்பச்சையாக இருக்கவேண்டிய சாறு, பஞ்சில் பட்டதும் பளிச்சென்று மஞ்சளாகப் பிடித்தது.

4. மேலாளர் இலை வாங்குவதை நிறுத்தச் சொன்னார்.

நான்காவதற்கு நான் தலையாட்டவில்லை.

மாலையில் வீட்டுக்குப் போய், இலையை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அம்மா குழம்பைக் கிளறிக்கொண்டே சொன்னார்: "மேல பூசுற சாமான்னு நீதான சொன்ன? மஞ்சத்தண்ணி படாத வேப்பிலைய யாராச்சும் உடம்புல வைப்பாங்களா?"

அம்மை கண்ட பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றும் அதே கவனத்தோடு அலசியிருக்கிறார்கள். கழுவித் தரச் சொன்னேன், கழுவித் தந்தார்கள். இலைமேல் படிந்த அந்த மெல்லிய மஞ்சளைக்கூட எத்தனால் விடாமல் இழுத்திருந்தது. என் முறை வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

மறுநாள் மேலாளரிடம் இதைச் சொன்னேன். அவரும் எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர்தான். அதைப் பேச விரும்பமாட்டார். நம் ஆட்களுக்குச் சாமி கும்பிடத்தான் தெரியும் என்று சிரித்தார்.

"வெளிநாட்டு வேப்பிலை பவுடர் வாங்கிடலாம் லா. லேபிள் அப்படியே இருக்கட்டும்."

சாறு பாட்டில் லேபிளில் 'கோலசிலாங்கூரில் பறித்த இலை' என்று இருந்தது. தரச் சான்றில் கையெழுத்துப் போடுவது நான்.

"இலைய மாத்தினா லேபிளையும் மாத்துங்க சார். பொய்க்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"ஒரு சாக்கு இலைக்கு இவ்ளோ ரோஷமா?"

"ஆமா சார்."

அவர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். நான் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அடுத்த மூட்டைக்குச் சொல்லி அனுப்பினேன். வெறும் தண்ணீரில் அலசச் சொன்னதும் எதிர்வீட்டு அத்தை முகம் சுளித்தார். "மஞ்சள் இல்லாமலா? அப்புறம் மூஞ்சி எரியுதுன்னு எங்கள சொல்லாத." ஆனாலும் அலசித் தந்தார்.

இரண்டாம் சாறு கரும்பச்சையாக வந்தது. பஞ்சில் மஞ்சள் இல்லை. கிரீம் நிறுவனம் மாதிரியை வாங்கிப் போயிருக்கிறது; பதில் இன்னும் வரவில்லை. மேலாளர் வரவழைத்த பவுடர் பொட்டலம் என் மேசையில் பிரிக்காமல் கிடக்கிறது. இலை அசாம் ஜாவாவிலிருந்துதான் வருகிறது.