வேலையா இருக்கேன்

வேலை இல்லை என்று நிரூபித்துக் கொடுப்பதுதான் என் வேலை. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து, படித்துவிட்டு வேலை கிடைக்காதவர்களின் உதவித்தொகைக்கு விண்ணப்பம் போடுகிறேன். நின்றுபோனால் ஏன் நின்றது என்று அலுவலகத்துக்குப் போய்க் கேட்டு, மேல்முறையீடும் எழுதிக் கொடுக்கிறேன். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன், நாளைக்கும் நான் அங்கே போயாக வேண்டும். ஒரு மனுவைக் கொடுத்துவிட்டு, "பரிசீலனையில் உள்ளது" என்ற வரியை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தவர் நீங்கள் என்றால், நாம் உறவுக்காரர்கள்.

இதில் முதல் சம்பவம் நடந்தபோது நான் அங்கே இல்லை. தனம் அக்கா சொல்லித்தான் தெரியும். தனம் அக்காவும் அப்போது பக்கத்தில் இல்லை, அவருடைய அம்மா சொல்லிக் கேட்டதுதான். ஆகவே இது இரண்டு கை மாறி வந்த கதை.

பலாமரத்து ஃபோன்

தனம் அக்காவுக்குக் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். பி.ஏ. முடித்து, பதிவு செய்து, ஐந்து வருடம் காத்திருந்து உதவித்தொகை வாங்குபவர். அவர்கள் வீட்டில் டவர் கிடைக்காது. வீட்டை ஒட்டி அவர்கள் சாமை விதைக்கும் கொல்லையின் கடைசியில் இருக்கும் பலாமரத்தடியில் மட்டும் கிடைக்கும். அதனால் ஃபோனை ஒரு மஞ்சப்பையில் போட்டு அந்த மரத்தில் மாட்டி வைத்திருப்பார்கள். அடிக்கும்போது யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் எடுப்பார்கள்.

வருடா வருடம் "எனக்கு வேலை இல்லை" என்று உறுதிமொழி எழுதித் தர வேண்டும். அந்த முறை அதைச் சரிபார்க்க அலுவலகத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். பங்குனி மாதம், புளி உதிர்க்கும் சமயம். எடுத்தது அம்மா. "தனலட்சுமி இருக்காங்களா?" "இருக்குதுங்க. வேலையா இருக்குது." "என்ன வேலை?" "புளி தட்டிக்கினு இருக்குதுங்க." அவ்வளவுதான் பேச்சு. அடுத்த தவணை வரவில்லை. நான் கம்ப்யூட்டரில் அவருடைய பதிவைத் திறந்து பார்த்தபோது "பணியில் உள்ளதால் நிறுத்தம்" என்று இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"மூணாம் மனுசன் ஃபோன் பண்ணி கேக்கறான். பொண்ணு குந்திக்கினு இருக்குதுன்னா சொல்லுவாங்க?"

காதும் டவரும்

உதவித்தொகைப் பிரிவைப் பார்க்கும் கிளார்க் நல்ல மனிதர். மலைக்கு ஃபோன் செய்தவரும் அவர்தான். மேஜைமேல் எப்போதும் ஒரு தைலப் புட்டி இருக்கும். எனக்கு அலுவலகம் என்றாலே பயம். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் மனு கொடுத்ததே இல்லை, கைநாட்டு வைத்ததோடு சரி. சொல்ல வேண்டியதைப் பேருந்திலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். "சார், வேலையா இருக்காங்கன்னா கை ஓயலன்னு அர்த்தம். வேலையில இருக்காங்கன்னாதான் சம்பளத்துக்குப் போறாங்கன்னு அர்த்தம். அவங்க தட்டினது வூட்டுப் புளி, கூலி கிடையாது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தப்பு என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் ஒருமுறை ஏற்றியதை அவரே மாற்ற முடியாதாம், மேலே மனு கொடுத்தால்தான் திறக்குமாம். எழுந்து வரும்போது கூப்பிட்டுச் சொன்னார்.

"வேலையான்னு சொன்னத வேலையிலன்னு கேட்டது என் காது இல்லம்மா, அந்த டவரு."

காபித் தோட்டம்

இவ்வளவு ஓடினதற்குக் காரணம் உண்டு. அந்தப் பணத்தில்தான் தனம் அக்கா கள்ளக்குறிச்சிக்குப் பேருந்து ஏறி வந்து தட்டச்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். லோயர் முடித்துவிட்டார், ஹையர் தேர்வு பாக்கி. அதையும் முடித்துவிட்டால் தட்டச்சர் வேலைக்கான தேர்வு எழுதலாம். அவருடைய அண்ணன் குடும்பம் ஒவ்வொரு வருடமும் குடகுப் பக்கம் காபித் தோட்டத்துக்குப் போகும். "காசு வந்தா படி. ஆடி முடியறதுக்குள்ள வரலன்னா எங்களோட கிளம்பு" என்று அண்ணன் சொல்லிவிட்டார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. வகுப்புக்குப் பணம் அவரிடமும் இல்லை.

மலையிலிருந்து போனவர்கள் பலர் தோட்டத்திலேயே தங்கிவிடுவார்கள். அதைச் சொல்லும்போது தனம் அக்காவின் விரல்கள் மேஜையில் தட்டச்சுப் பாடம் அடித்துக்கொண்டிருந்தன. அவரே சிரித்துவிட்டார்.

"அங்க போயிட்டா நெஜமாவே வேலையில இருப்பேன் பாப்பா. அப்ப எழுதிக்கட்டும்."

ஐயாவுக்கு ஓர் உதாரணம்

மேல்முறையீட்டு மனுவை நான்கு தடவை எழுதினேன். சட்டம் எதுவும் எனக்குத் தெரியாது, தெரிந்தது தமிழ் மட்டும். அதனால் புரியும்படி ஓர் உதாரணம் சேர்த்தேன்: "ஐயா, தாங்கள் இல்லத்தில் ஓய்வாக இருக்கையில் வேண்டாத ஒருவர் தொலைபேசியில் அழைத்தால், 'வேலையா இருக்கேன், அப்புறம் பேசுறேன்' என்று கூறுவீர்கள் அல்லவா? அதனால் தாங்கள் இரண்டாவதாக ஒரு பணியில் சேர்ந்துவிட்டதாகக் கொள்ள இயலுமா?"

சென்டர் முதலாளி குமார் அண்ணன் அதைச் சத்தமாகப் படித்தார். நெட் வரவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அந்தப் பத்தியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும் என்றார்.

"இதப் படிச்சா அவரு காச வுடறாரோ இல்லியோ, உன்னத் தமிழ் டீச்சரா போட்டுடுவாரு."

மாமனார் வூடு

மனு மேலே போய் உட்கார்ந்துகொண்டது. தினமும் சென்டரைத் திறந்ததும், சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றுவதற்கு முன்னால், தனம் அக்காவின் பதிவைத்தான் பார்ப்பேன். "பரிசீலனையில் உள்ளது."

அந்த நாட்களில்தான் சின்னசேலத்திலிருந்து ஒருவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, புது செருப்பு. தகுதி எல்லாம் சரியாக இருந்தது. விண்ணப்பம் போட்டு முடிக்கும்போது, வரும் குறுஞ்செய்தியை அவர் நம்பருக்கு அனுப்பாமல் சென்டர் நம்பருக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டார். முடியாது, உங்கள் நம்பர்தான் வேண்டும் என்றேன். தன் ஃபோனைக் கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணிடம் கொடுத்திருக்கிறாராம். நிச்சயம் ஆகியிருக்கிறதாம். நெற்றியைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"வேல இல்லன்னு கவர்மெண்டுக்குத் தெரிஞ்சா போதுங்க. மாமனார் வூட்டுக்குத் தெரிய வேணாம்."

அந்த ஒரு வார்த்தை

ஆடி பிறந்த பிறகு மேலதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். தனம் அக்காவுக்குத் துணையாக நானும் போனேன். மனுவில் இருந்த உதாரணத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. "போன ஞாயித்துக்கிழமை இதேதான் சொன்னேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுபடி ஒருமுறை ஃபோனில் விசாரிக்கும்படி எழுதினார். அடுத்த வாரம் ஏதாவது ஒரு நாள் கூப்பிடுவார்கள், விண்ணப்பதாரரே எடுக்க வேண்டும்.

வெளியே வந்ததும் தனம் அக்கா, "இன்னா சொல்லணும் பாப்பா?" என்றார். யாரையும் பொய் சொல்லவைக்க எனக்கு வராது. "உண்மையையே சொல்லுங்கக்கா. 'வேலை'ங்கற வார்த்தை மட்டும் வேணாம்" என்றேன். அவர் பேருந்து வரும்வரைக்கும் யோசித்துக்கொண்டே நின்றார். படியில் கால் வைத்த பிறகு திரும்பினார்.

"அந்த வார்த்த இல்லாம எங்க வூட்ல ஒரு பேச்சுகூட கிடையாதே."

கிளார்க்கின் ஃபோன்

அந்த வாரம் முழுக்க எனக்கு அதே நினைப்பு. அம்மா எடுத்துவிட்டால்? மழை பெய்து டவர் போய்விட்டால்? வார முடிவில் கிளார்க்கே சென்டருக்கு ஃபோன் செய்தார். நடந்ததை வரி மாறாமல் ஒப்பித்தார். "இப்ப என்னம்மா பண்றீங்க?" என்று இவர் கேட்டிருக்கிறார். முதல் மணியிலேயே எடுத்த தனம் அக்கா, "சும்மாதான் சார் இருக்கேன்" என்றாராம். இன்னொரு முறை கேட்டு உறுதி செய்துகொண்டாராம். அதே பதிலாம். ஏற்றிவிட்டேன், நின்ற தவணையும் சேர்ந்து வரும் என்றார். அவருக்கு ஒரே திருப்தி.

"இப்படித் தெளிவா பேசிட்டா யாருக்கும் தொந்தரவு இல்ல பாரும்மா."

கொல்லை

பணம் ஆடிக் கடைசியில் வந்தது. அண்ணன் குடும்பம் தனம் அக்காவை விட்டுவிட்டுக் குடகுக்குக் கிளம்பியது. அவர் ஹையருக்குப் பணம் கட்டிவிட்டார்.

கொஞ்ச நாள் கழித்து, மலையில் நடந்த ஒரு சான்றிதழ் முகாமுக்குக் குமார் அண்ணன் என்னை அனுப்பினார். வேலை முடிந்ததும் தனம் அக்காவின் வீட்டுக்குப் போனேன். பலாமரத்தைக் காட்டச் சொன்னேன். மஞ்சப்பை தொங்கிக்கொண்டிருந்தது. மரத்தைச் சுற்றி மேடும் சரிவுமாகச் சாமைப் பயிர், தண்ணீர் தெளித்துச் சீவிவிட்ட தலை மாதிரி, நடுவில் ஒரு புல் இல்லாமல் நின்றது. பக்கத்துக் கொல்லைகளில் களை முழங்கால் உயரம். களையெடுக்க எத்தனை ஆள் விட்டீர்கள் என்று அம்மாவைக் கேட்டேன்.

"ஆளா? இவதான். அந்த ஃபோனு வர்ற வரைக்கும் மரத்த வுட்டு நகர மாட்டேன்னா. நின்னுக்கினே இருக்க முடியுமா?"

தனம் அக்காவிடமும் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன்: கிளார்க் கூப்பிட்டபோது ஃபோன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இருந்திருக்கிறது, களைக்கொத்து கையில் இருந்திருக்கிறது, ஆக, சும்மா இருந்ததற்காக அரசாங்கம் கொடுத்த பணத்தில் ஒரு பைசாகூட வீணாகவில்லை.